தாழ்ந்த இமைக்கு என்ன பூசலாம்?

நம் மருத்துவமனையின் கண் பிரிவில் இந்தக் கேள்வியை அடிக்கடி எதிர்கொள்கிறேன். கேட்பவர் பெரும்பாலும் பெண். பனியன் கம்பெனிக்கோ நூற்பாலைக்கோ சென்று வருபவர். தலைவலிக்காகவோ, கண்ணாடி மாற்றுவதற்காகவோ வந்திருப்பார். பரிசோதனை முடிந்து எழும் வேளையில், விரல் நுனியால் ஒரு பக்கத்து மேலிமையைத் தொட்டுக் காட்டி, சற்றே நாணத்துடன், "இந்தக் கண்ணு மட்டும் தூங்கறாப்ல இருக்குதுங்க டாக்டர், இதுக்கு என்னங்க பூசலாம்?" என்பார். அவர் வந்த காரணத்தைவிடப் போகும்போது கேட்ட அந்தக் கேள்வியே முக்கியமானதாக அமைந்த நாள்கள் உண்டு.

பூசலாமா என்று கேட்பவர்களில் பலர் ஏற்கெனவே பூசிப் பார்த்தவர்கள் என்பதைச் சிறிது பேச்சுக் கொடுத்தால் அறியலாம். அதிகாலையில் கணியூரிலிருந்தும் சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்தும் கம்பெனி வேன்கள் புறப்படுகின்றன. அந்த ஒரு மணி நேரப் பயணத்தில் கைப்பேசிக் காணொளி ஒன்று ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு மாறுகிறது. முட்டையின் வெள்ளைக்கரு, உருளைக்கிழங்குச் சாறு, எலுமிச்சையும் தேனும், படிகாரம் கரைத்த நீர், விளக்கெண்ணெய், பனிக்கட்டியில் குளிரவைத்த கரண்டி என்று பட்டியல் நீள்கிறது. ஏழு நாளில் இமை நிமிரும் என்று முடிகிறது காணொளி. எளிய பொருள்கள், எல்லாம் அடுக்களையில் உள்ளவை, செலவும் இல்லை, விடுப்பும் எடுக்க வேண்டியதில்லை. ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அந்த வாரச் சம்பளம் குறையும் வீட்டில் இந்தக் கடைசிக் காரணத்தை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன்.

ஆயினும் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கெடுதல் பூசும் பொருளில் தொடங்குவதில்லை, கேள்வியில் தொடங்குகிறது. தாழ்ந்த இமையை அழகுக் குறை என்று எண்ணியவுடனே அதற்குப் பூச்சு தேடத் தோன்றுகிறது. அதனை ஓர் அறிகுறி என்று கொண்டால் வேறு கேள்விகள் எழும். எப்போது தொடங்கிற்று? ஒரு கண்ணிலா, இரு கண்களிலுமா? காலையில் எப்படி, மாலையில் எப்படி? மருத்துவருக்கு வேண்டியவை இவையே.

இமை எப்படி உயர்கிறது என்பதைச் சற்று நோக்குவோம். மேலிமையைத் தூக்கும் தசை இமையில் தொடங்குவதில்லை. கண்குழியின் அடியாழத்தில், விழிக்கோளத்துக்கும் பின்னால் தொடங்கி, விழியின் மேற்புறமாக முன்னோக்கி வந்து, மெல்லிய நாண் போன்ற தகடாக விரிந்து இமையைப் பற்றிக்கொள்கிறது. அத்தசையை இயக்குவது மூளையிலிருந்து புறப்படும் மூன்றாவது நரம்பு. அதற்குத் துணையாகச் சிறு தசை ஒன்றும் உண்டு; இமையை ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர் உயர்த்தித் தருவது அதன் பணி. நரம்பு, தசை, நாண் என்ற இம்மூன்றில் எங்கே பழுது நேர்ந்தாலும் இமை தாழும். கிணற்றடியில் மோட்டார் பழுதாகிக் கிடக்கையில் வீட்டுக் குழாயின் வாயைத் துடைத்துக் கொண்டிருப்பதைப் போன்றது இமைத்தோலின் மேல் பூசும் வேலை. தோலுக்கும் அந்தத் தசையின் வேருக்கும் இடையே உள்ள தொலைவை எந்தச் சாறும் கடப்பதில்லை.

அப்படியானால் பூசியவர்கள் பலன் கண்டோம் என்பது பொய்யா என்றால், முற்றிலும் பொய்யன்று. வெள்ளைக்கரு உலரும்போது சுருங்கும். சுருங்குகையில் மெல்லிய இமைத்தோலையும் சற்று இழுக்கும். உடலிலேயே மிக மெல்லிய தோல் இமைத்தோல்தான். எனவே அந்த இழுப்பு கண்ணாடியில் தெரியும். முகம் கழுவியதும் போய்விடும். வெள்ளரித் துண்டும் குளிர்ந்த துணியும் தூக்கம் கெட்ட காலையில் இமை வீக்கத்தைச் சிறிது தணிக்கும்; அவற்றால் பெருந்தீங்கு இல்லை. இவற்றை நான் தடுப்பதும் இல்லை. ஆனால், இமை வீக்கம் வேறு, இமை இறக்கம் வேறு. வயதின் காரணமாக இமைத்தோல் தளர்ந்து மடிந்து தொங்குவது மூன்றாவது ஒன்று. இம்மூன்றையும் காணொளி ஒரே பெயரால் அழைக்கிறது.

எரிக்கும் பொருள்கள் தனிவகை. எலுமிச்சைச் சாறு வலிய அமிலம். கண்ணீரோ ஏறக்குறைய நடுநிலையான நீர். இமையில் பூசிய சாறு வியர்வையோடு வழிந்து கண்ணுக்குள் இறங்க ஒரு நொடி போதும். படிகாரமும் பூண்டும் இமைத்தோலையே புண்ணாக்கும். இவை அனைத்தையும்விட அஞ்ச வேண்டியது சுண்ணாம்பு. வெற்றிலைப் பெட்டியில் இருப்பதால் அதனை நாம் பொருட்படுத்துவதில்லை. இமையில் கட்டி வந்தால் தடவுகிறோம். அமிலம் கண்ணின் மேற்பரப்பைச் சுட்டு அங்கேயே பெரும்பாலும் நின்றுவிடும். சுண்ணாம்பு போன்ற காரமோ திசுவைக் கரைத்துக்கொண்டு உள்ளே உள்ளே செல்லும். கருவிழியின் நடுப்பகுதித் தடிமன் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் மட்டுமே. சுண்ணாம்போ வேறு எரிபொருளோ கண்ணில் பட்டுவிட்டால் மருத்துவமனைக்கு வண்டி தேடுவதற்கு முன்பே தூய குழாய் நீரை இமைகளை விரித்துப் பிடித்துக்கொண்டு குறைந்தது அரை மணி நேரம் ஊற்றிக் கழுவுங்கள். முதல் சில நிமிடங்களில் ஊற்றும் நீர்தான் பார்வையைக் காப்பது. சாயப்பட்டறையில் காரப்பொருள்களைக் கையாள்வோருக்கும் இதே முறைதான்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் செக்கிங் பிரிவில் பணிபுரியும் ஒரு பெண்மணி சிவந்த கண்ணுடன் என்னிடம் வந்தார். கருவிழியில் மேல்தோல் உரிந்திருந்தது. என்ன விழுந்தது என்று கேட்டேன். பஞ்சுத் துகள் என்றார். மருந்து கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து வந்தார், ஆறவில்லை. மீண்டும் கேட்டேன், பஞ்சுத் துகள்தான் என்றார். மூன்றாம் முறை வந்தபோது உடன் வந்த அவருடைய மாமியார், மருமகள் வெளியே சென்ற நேரம் பார்த்து, "எலுமிச்சம்பழமும் படிகாரமும் போடுதுங்க, நான் சொன்னாக் கேக்கறதில்லீங்க" என்று மெல்லச் சொன்னார். சிவப்புக்கு நான் மருந்து கொடுத்துக்கொண்டிருக்க, இமை இறக்கத்துக்கு அவர் இரவுதோறும் அதனையே பூசிக்கொண்டிருந்தார். ஏன் மறைத்தீர்கள் என்று பின்னர் கேட்டேன். வேறோரிடத்தில் முன்பு ஒருமுறை உண்மையைச் சொன்னபோது, வரிசையில் நின்ற அனைவரும் கேட்கும்படி மருத்துவர் கடிந்துகொண்டாராம். அந்தக் கடிந்துரையின் விலை மூன்று வாரக் கண்வலி. இதில் எங்கள் பங்கு பெரிது. நோயாளியை அறிவிலி என்று ஏசும் மருத்துவர் அடுத்த முறை பொய்யையே கேட்பார். பொய்யை நம்பி மருந்து எழுதுவார்.

எரியாத பொருள்களால் தீங்கில்லை என்று எண்ணிவிடவும் கூடாது. விளக்கெண்ணெய், தாய்ப்பால், தேன், நந்தியாவட்டைப் பூவின் சாறு ஆகியவை நம் வீடுகளில் நெடுங்காலமாகக் கண்ணுக்கு விடப்பட்டு வருபவை. விளக்கெண்ணெய் சில கண் சொட்டு மருந்துகளிலேயே ஒரு பகுதியாக உள்ளது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வேறுபாடு எண்ணெயில் இல்லை, தூய்மையில் இருக்கிறது. மருந்துப் புட்டியிலுள்ளது கிருமி நீக்கப்பட்டது, அளவு அறியப்பட்டது. அடுக்களைப் புட்டியில் விரல் பட்டிருக்கும், தூசு விழுந்திருக்கும், பூஞ்சை வித்து மிதந்திருக்கும். நலமான கண் அதனைக் கண்ணீரால் கழுவித் தள்ளிவிடலாம். கருவிழியில் நுண்ணிய கீறல் இருந்தால் அதே துளி கிருமிக்கு வழி திறக்கும்.

கீறல் எங்கிருந்து வரும் என்று நம் ஊரார் கேட்க வேண்டியதில்லை. அமராவதிப் பாசனத்தில் நெல்லும் கரும்பும் விளையும் பகுதி இது. கரும்புத் தோகை கண்ணில் அறைவதும், நெல் உமி தெறிப்பதும், தென்னை மட்டை உரசுவதும் அன்றாட நிகழ்ச்சிகள். 1994ஆம் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கருவிழிப் புண்ணுடன் வந்த 434 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தனர். அதன் முடிவுகள் 1997இல் பிரிட்டிஷ் கண் மருத்துவ இதழில் வெளிவந்தன. மூவரில் ஏறத்தாழ இருவருக்குப் புண் தோன்றுவதற்கு முன் கண்ணில் காயம் பட்டிருந்தது. ஆய்வகத்தில் கிருமி வளர்ந்த மாதிரிகளில் ஏறக்குறைய பாதியில் பூஞ்சை காணப்பட்டது. பூஞ்சைப் புண் பிடிவாதமானது. வாரக்கணக்கில் சொட்டு மருந்து விட வேண்டும். ஆறினாலும் வெண்தழும்பு நின்றுவிடும். கீறல் பட்ட கண்ணில் எண்ணெயோ பாலோ விடுவது அந்தக் கணக்கில் தானே போய்ச் சேருவதாகும்.

இன்னொன்று அடுக்களையிலிருந்து வருவதில்லை; மருந்துக் கடையிலிருந்து வருகிறது. முகம் வெளுக்க என்று வாங்கும் சில களிம்புகளில் வீரியமிக்க ஸ்டீராய்டு கலந்திருக்கும். தேமலுக்கு வாங்கியதை இமைக்கும் தடவுகிறார்கள். முதல் வாரம் தோல் மினுமினுக்கும். மாதக்கணக்கில் தொடர்ந்தால் தோல் மேலும் மெலிந்து தளரும். அதாவது எதனை நீக்கப் பூசினார்களோ அதுவே மிகும். கண்ணின் உள்ளழுத்தம் உயர்ந்து கிளாக்கோமாவும், காலத்துக்கு முந்திய கண்புரையும் வரக்கூடும். இத்தகைய மேற்பூச்சுகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்று நடுவண் அரசு 2018இல் விதித்தது. விதி இருக்கிறது, கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கும் கடைகளும் இருக்கின்றன.

இவையெல்லாம் பூசுவதனால் கண்ணுக்கு நேரும் தீங்குகள். ஆனால், என்னை உறங்கவிடாதது இதுவன்று. பூசிக்கொண்டிருக்கும் நாள்களில் கடந்துபோகும் காலமே என் கவலை.

குளிர்ந்த கரண்டியை எடுத்துக்கொள்வோம். எல்லாவற்றிலும் தீங்கற்றது அதுதானே என்று தோன்றும். மயஸ்தீனியா கிராவிஸ் என்று ஒரு நோய் உண்டு. நரம்பு அனுப்பும் செய்தியைத் தசை பெற்றுக்கொள்ளும் இடத்தை உடலின் சொந்த எதிர்ப்பொருள்களே அடைத்துவிடுவதால் தசைகள் விரைவில் களைத்துப்போகும் நோய் அது. காலையில் இமை நன்றாக இருக்கும். மாலையாக ஆகத் தாழும். சில வேளை ஒரே பொருள் இரண்டாகத் தெரியும். பெரும்பாலோருக்கு இது முதலில் கண்ணில்தான் தலைகாட்டுகிறது. இந்த நோயைக் கண்டறிய நாங்கள் செய்யும் எளிய சோதனைகளுள் ஒன்று என்ன தெரியுமா? மூடிய இமையின் மேல் பனிக்கட்டிப் பையை இரண்டு நிமிடம் வைத்து எடுப்பது. குளிர்ச்சியால் அந்த இணைப்பில் செய்தி சற்று நேரம் தெளிவாகப் போய்ச் சேரும். தாழ்ந்த இமை இரண்டு மில்லிமீட்டரோ அதற்கு மேலோ உயரும். உயர்ந்தால் மயஸ்தீனியாவாக இருக்கக்கூடும் என்று ஐயுற்று மேல் சோதனைகளுக்கு அனுப்புவோம்.

எனவே, கரண்டி வைத்தேன், இமை உயர்ந்தது, கைவைத்தியம் பலித்தது என்று மகிழ்பவர் உண்மையில் தம் நோயைத் தாமே கண்டறிந்துவிட்டார். கண்டறிந்ததை அறியாமல் விட்டுவிட்டார். கண்ணில் மட்டும் தொடங்கிய இந்நோய் கணிசமானோருக்கு முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் விழுங்கும் தசைகளுக்கும் கைகால்களுக்கும் மூச்சுத் தசைகளுக்கும் பரவுகிறது. தாமாக வாங்கி விழுங்கும் சில நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரைகள்கூட அதனை மிகுவிக்கும். இரவு ஷிப்ட் முடிந்து வருபவரின் இமை மாலையில் தாழ்ந்தால் அது களைப்பு என்றே மேற்பார்வையாளரும் வீட்டாரும் எண்ணுவர். களைப்பானால் ஒரு நல்ல உறக்கத்துக்குப் பின் இரு கண்களும் ஒருசேரத் தெளியும். நாள்தோறும் மாலையில் ஒரே கண் தாழ்வதும், பார்வை இரட்டிப்பதும், உணவு தொண்டையில் நிற்பதும் களைப்பின் இலக்கணம் அல்ல.

இந்நோய்க்கு மருந்து இல்லாதிருந்த காலம் அதிகத் தொலைவில் இல்லை. 1934இல் இலண்டன் கிரீனிச்சிலுள்ள செயின்ட் ஆல்ஃபீஜ் மருத்துவமனையில் மேரி வாக்கர் என்ற மருத்துவர், இந்நோயாளிகளின் தளர்ச்சி க்யூராரே என்னும் அம்பு நஞ்சு உண்டாக்கும் தளர்ச்சியைப் போலிருப்பதைக் கவனித்தார். அந்த நஞ்சுக்கு மாற்றாக அறியப்பட்ட ஃபைசோஸ்டிக்மின் என்ற மருந்தை ஊசியாகச் செலுத்தினார். தாழ்ந்திருந்த இமை சிறிது நேரத்தில் எழுந்தது. அந்த மருந்து மேற்கு ஆப்பிரிக்காவின் காலபார் அவரை என்ற நச்சு விதையிலிருந்து எடுக்கப்பட்டது. செடிகொடிகளில் மருந்து இல்லை என்று நான் சொல்ல வரவில்லை என்பதற்காகவே இதனைக் கூறினேன். எந்த நோய்க்கு, எவ்வளவு, எந்த வழியில் என்பது தெரிந்த பிறகே அந்த விதை மருந்தாயிற்று.  இந்நோயோடு பல பதிற்றாண்டுகள் பணியாற்றியவர்களுள் நடிகர் அமிதாப் பச்சனும் ஒருவர். அதனை அவரே வெளிப்படையாகக் கூறியுள்ளார்.

திடீரென்று ஒரே நாளில் இமை முழுவதும் விழுந்துவிட்டால் அங்கே பூச்சுக்கும் பொறுமைக்கும் இடமே இல்லை. நெடுநாள் சர்க்கரை நோய் உள்ளவருக்கு மூன்றாவது நரம்புக்குச் செல்லும் நுண்குழாய்கள் அடைபடுவதால் இது நேரலாம். புருவத்தருகே வலியும் இருக்கும். சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்தால் பெரும்பாலும் மூன்று மாத அளவில் தானே சீராகும். அந்த மூன்று மாதமும் எதையேனும் பூசியவர், பூச்சினால்தான் குணமாயிற்று என்று ஊருக்கெல்லாம் சொல்வார்! கேட்ட அண்டைவீட்டார் தமக்கும் அவ்வாறு நேர்ந்தபோது அதனையே பூசுவார். ஆனால், அவருக்கு நேர்ந்தது மூளையின் இரத்தக் குழாயில் உண்டான புடைப்பு அதே நரம்பை அழுத்துவதாக இருக்கலாம். கண்ணின் நடுவே உள்ள கண்மணி விரிந்து நிற்பதும், விழி வெளிப்புறமாகத் திரும்பிவிடுவதும், இதுவரை கண்டிராத கடுந்தலைவலியும் சேர்ந்தால் அது அவசர நிலை. புடைப்பு வெடிக்கும் முன்னர் சிகிச்சை தொடங்க வேண்டும். வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு இருவர் இமையும் ஒன்றுபோலவே தாழ்ந்திருக்கும்.

தோட்டத்துச் சாளைகளில் வாழ்வோருக்கு இன்னொரு செய்தி சொல்ல வேண்டும். கட்டுவிரியன் இரவில் வரும் பாம்பு. தரையில் பாய் விரித்து உறங்குவோரைத் தீண்டும். பல்பட்ட இடத்தில் வலியோ வீக்கமோ பெரும்பாலும் இராது. தடம்கூடத் தெரியாமல் போகலாம். விடியற்காலையில் வயிற்றுவலியுடன் எழுவார், சற்று நேரத்தில் இமைகள் இரண்டும் தாழும், பேச்சுக் குழறும், எச்சில் விழுங்க இயலாது. தீண்டியதை அறியாத வீட்டார், உறக்கம் தெளியவில்லை என்று முகத்தில் நீர் தெளிப்பர். கண்ணில் ஏதோ என்று சாறு பிழிவர். நரம்பு நஞ்சு இமையில் தொடங்கி மூச்சுத் தசையில் முடிவது. தரையில் படுத்து உறங்கியவர் காலையில் இமை திறக்க முடியாமல் எழுந்தால், கடித்த தடம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் 108 எண்ணை அழையுங்கள். நஞ்சு முறிவு மருந்து அரசு மருத்துவமனைகளில் உண்டு. பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டியவற்றுள் ஒன்றாகத் தமிழ்நாடு அரசு 2024இல் அறிவித்திருக்கிறது. அந்த மருந்து செய்வதற்கு வேண்டிய நஞ்சைச் செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியிலுள்ள இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார்தான் நெடுங்காலமாக எடுத்துத் தருகின்றனர் என்பதையும் இங்கே நன்றியுடன் குறிப்பிடத் தோன்றுகிறது.

குழந்தைகளைப் பற்றிச் சொல்லாமல் இக்கட்டுரையை முடிக்க மனம் ஒப்பவில்லை. சில குழந்தைகள் பிறக்கும்போதே ஒரு கண்ணின் இமை தாழ்ந்து பிறக்கின்றன. இமை தூக்கும் தசை சரிவர வளராமை இதற்குக் காரணம். பாட்டியார் தாய்ப்பால் விடுவார். விளக்கெண்ணெய் தடவி நீவிவிடுவார். "பெருசானா சரியாப் போயிருங் கண்ணு, எங்கூட்டுக்காரருக்கும் இப்படித்தான் இருந்துச்சு" என்று மருமகளுக்கு ஆறுதல் சொல்வார். அன்பில் குறையில்லை. ஆனால், பார்வை கண்ணில் மட்டும் உண்டாவதன்று. மூளை அதனைப் பயின்றுகொள்ள வேண்டும். பயிலும் பருவம் ஏறத்தாழ ஏழெட்டு வயதுக்குள் முடிகிறது. இமை கண்மணியை மறைத்தாலோ, அதன் அழுத்தத்தால் கண்ணுக்குச் சிதறல் பார்வை உண்டானாலோ, மூளை அந்தக் கண்ணைப் புறக்கணித்துவிடும். இதனையே சோம்பேறிக் கண் என்கிறோம். பத்து வயதுக்குப் பின் இமையை அறுவையால் உயர்த்தினால் முகம் சீராகும். இழந்த பார்வை பெரும்பாலும் திரும்பாது. குழந்தை முகவாயைத் தூக்கித் தூக்கிப் பார்க்கிறதா, புருவத்தை நெரித்து உயர்த்துகிறதா என்று பாருங்கள். அது இமைக்கடியில் வழி தேடிப் பார்க்கும் பார்வை. கல்யாணத்துக்கு முன்னால் சரிசெய்துகொள்ளலாம் என்று பெண் குழந்தைகளின் பெற்றோர் சொல்லக் கேட்டிருக்கிறேன். பள்ளியில் சேர்ப்பதற்கு முன்னால் என்று அவர்கள் நினைத்திருக்க வேண்டும்.

சிகிச்சை என்றதும் பலர் அஞ்சுகின்றனர். வயதானவர்க்கு நாண் தளர்ந்து இமை இறங்கியிருந்தால், அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து நாணை இழுத்துக் கட்டும் சிறு அறுவை போதும்; பெரும்பாலோர் அன்றே வீடு திரும்பலாம். தசை மிகவும் வலுவற்ற குழந்தைகளுக்கு இமையை நெற்றித் தசையோடு இணைத்துத் தூக்குவர். மயஸ்தீனியாவுக்கு மாத்திரைகள் உள்ளன. துணைத் தசையைத் தூண்டி இமையைச் சில மணி நேரம் உயர்த்தும் சொட்டு மருந்து ஒன்றுக்கு அமெரிக்காவில் 2020இல் ஒப்புதல் கிடைத்தது. அதுவும் காரணம் தெரிந்த பிறகு மருத்துவர் எழுதித் தருவதே. சிலருக்கு எதுவும் செய்ய வேண்டியதில்லை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும் என்றுதான் சொல்லி அனுப்புகிறேன். அதைக் கேட்டு ஏமாற்றம் அடைபவர்களும் உண்டு.

கைவைத்தியம் அனைத்தையும் பழிப்பது என் நோக்கமன்று. இமையில் கட்டி வந்தால் உள்ளங்கையில் விரலைத் தேய்த்துச் சூடாக்கி ஒற்றச் சொன்ன மூத்தோர் சரியானதையே சொன்னார்கள். தூய துணியை வெந்நீரில் நனைத்து ஒற்றும்படி நாங்களும் சொல்கிறோம். நாமக்கட்டியை உரைத்து இமை விளிம்பில் பூசுவதையும் சுண்ணாம்பையும்தான் விடச் சொல்கிறோம். பட்டம் பெற்ற சித்த மருத்துவர் நாடி பார்த்து, கேள்வி கேட்டு, மருந்து தருவதும் வேறு வகை. முகம் பாராத ஒருவர், இமை ஏன் தாழ்ந்தது என்று கேளாமலே எல்லோருக்கும் ஒரே பொருளைச் சொல்வதைத்தான் நான் எதிர்க்கிறேன். நம் பாட்டிமார்கூட அப்படிச் செய்ததில்லை. அவர்கள் குறைந்தபட்சம் முகத்தைப் பார்த்தார்கள்.

பஞ்சுத் தூசில் பணிபுரிவோருக்கு ஒரு சொல். அரிப்பெடுக்கும் கண்ணை ஆண்டுக்கணக்கில் கசக்கிக்கொண்டேயிருந்தால் இமையின் நாண் தளர்ந்து இளம் வயதிலேயே இமை இறங்கக்கூடும். அரிப்புக்கு மருந்து உண்டு; கசக்காதீர்கள். இமையைத் தூக்கி நிறுத்தக் கடைகளில் விற்கும் ஒட்டுநாடாவைத் திருமணத்துக்கு ஒரு நாள் ஒட்டுவதற்கு நான் தடை சொல்லவில்லை. நாள்தோறும் ஒட்டினால் இமை சரியாக மூடாது, கண் உலரும், தோலும் புண்ணாகும்.

இமை குறித்து எங்களிடம் வருவதாயின் இரண்டு பொருள்களை எடுத்து வாருங்கள். ஒன்று, பழைய புகைப்படம். வாக்காளர் அட்டையில் உள்ளதானாலும் சரி, திருமண ஆல்பத்தில் உள்ளதானாலும் சரி. இமை நேற்றுத் தாழ்ந்ததா, பத்தாண்டுகளுக்கு முன்பே தாழ்ந்திருந்ததா என்பதை நீங்கள் மறந்திருக்கலாம், படம் மறந்திருக்காது. முதலில் இடது கண் என்று சொல்லிக்கொண்டு வந்த ஒருவரின் ஆல்பத்தைப் புரட்டியபோது, அவருடைய தந்தைக்கும் தங்கைக்கும் அதே இடது இமை தாழ்ந்திருப்பதைக் கண்டு நாங்கள் இருவரும் சிரித்துவிட்டோம். பிறவியிலேயே குடும்பத்தில் வந்தது அது. இரண்டாவது, இதுவரை பூசிய பொருளின் புட்டியோ டப்பாவோ களிம்போ எதுவானாலும் அது. காலை 9 மணிக்கு மேல் கண் பிரிவில் இருப்பேன். மாலையில் மட்டும் இமை தாழ்பவர்கள் வேலை முடிந்து மாலையிலேயே வாருங்கள். காலையில் வந்தால் உங்கள் நோய் எனக்குத் தெரியாமல் போகலாம். என்ன பூசினீர்கள் என்று கேட்பேன். கதவைச் சாத்திவிட்டுத்தான் கேட்பேன்.